தண்ணீர் புழங்காத வாசல்

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மணியம்மாள் வீடு சாந்தம்மாள் வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி அது. பரியமாகப் போட்ட பணம், எடுத்த புடவை, காலுக்கு மாட்டிய கொலுசு, ஊருக்குப் போட்ட கறிச்சோறு எல்லாவற்றையும் கூட்டி ஊர்க்கூட்டத்தில் சொன்ன கணக்கு. அந்த மலையில் மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பரியம் போடும். பெண் வாழாமல் திரும்பி வந்துவிட்டால் பரியமும் திரும்பிப் போகவேண்டும். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊர்க்கவுண்டர் முன்னால் துரும்பு கிள்ளிப் போடுவார்கள். துரும்பு முறிந்தால் உறவு முறிந்தது. அதுவரைக்கும் அவள் எந்தச் சீமையில் தூங்கி எழுந்தாலும் அந்த வீட்டு மருமகள்தான். இன்னொன்றும் உண்டு. பாக்கி தீராத இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் புழங்காது. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் ஒரு வாய் வாங்கிக் குடிக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

மணியம்மாளின் மகள் கல்பனா, சாந்தம்மாளின் மகன் பூவரசனை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. துரும்பு இன்னும் முறியவில்லை.

தை மாதத்துப் பனியில் அவள் ஜீப்பில் மலையேறி வந்தாள். மலைமேல் நெல்லிவாசலுக்குப் போகிற ஜீப்பில் இடம் கிடைப்பதே பெரிது. கிடைத்ததோ பின்பக்கம், இரண்டு உர மூட்டைக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் இடையில். பனி அப்படிக் கொட்டிற்று. முன்னால் போகிற பாதை தெரியவில்லை, பின்னால் விட்டு வந்த பாதையும் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு ஒரு மூங்கில் புதர் வெள்ளைக்குள்ளிருந்து எழுந்து வந்து, முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி வெள்ளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தூக்கத்துக்குள்ளே ஒரு ஜீப் ஓடுகிறது, அதற்குள்ளே தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று இருந்தது அவளுக்கு.

டிரைவர் சேட்டுவுக்கு மட்டும் தூக்கம் கிடையாது, வாயும் ஓயாது.

"இன்னாமே படிச்சிட்டு வர்ற? நர்சா?"

"இல்லண்ணா."

"டீச்சரா?"

"அதுவும் இல்ல. மனசுல கஷ்டம் இருக்கறவங்க வந்து சொன்னா, பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்குப் படிச்சேன்."

சேட்டு ஒரு வளைவு முழுக்க யோசித்தார். "கேக்கறதுக்கா? என் பொண்டாட்டி பேசறத இருவது வருசமா கேட்டுக்கினு கீறேன். எனக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கல்பனாவும் சிரித்தாள். அந்தக் கேள்விக்குக் கல்லூரியில் அவளும் சரியான பதில் கண்டுபிடித்திருக்கவில்லை.

கீழே டவுனில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. மலையை விட்டு இறங்கிய பிறகு அங்கேதான் அவள் வார்டு கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைக்கும்போது மேலே படுத்திருக்கிறவர்கள் பேசுவார்கள். அவளிடம் பேசுகிறார்களா, உத்தரத்திடம் பேசுகிறார்களா என்று தெரியாது. இவள் துடைப்பத்தை நிறுத்தமாட்டாள், அவர்களும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். நோயாளிகளுக்கு ஜெபம் பண்ண வருகிற போதகர் ஞானசுந்தரி அம்மா ஒருநாள் வாசலிலேயே நின்று இதைப் பார்த்தார். "நான் அரை மணி நேரம் உக்காந்தும் அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உன்கிட்ட அவர் தங்கச்சி கதை வரைக்கும் சொல்லியாச்சு" என்றார். அந்த அம்மாதான் பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுத வைத்தார். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியில் மேய்ப்புப்பணி ஆலோசனைப் பட்டயப் படிப்புக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

சேர்க்கும்போது கேட்டார்கள், எந்தச் சபை என்று. கல்பனா உள்ளதைச் சொன்னாள். "மலையில எங்களுக்குக் காளியாத்தா. இங்க வந்தப்புறம் உங்க பாட்டும் புடிச்சிருக்குது." மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர், "பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு வருஷமும் கனவு போலத்தான் போயிற்று. கல்லூரி வளவு முழுக்கத் தூங்குமூஞ்சி மரம். வெயில் சாய்ந்தால் இலையெல்லாம் கையைக் கூப்பிக்கொண்டு தூங்கும். காலையில் ஆலயத்தில் பாடுகிற சத்தம் விடுதி ஜன்னல் வழியாக வந்து போர்வைக்குள் படுக்கும். சம்மட்டி பிடித்துக் கல்லுடைத்தும், சுமை தூக்கியும், தரை துடைத்தும் பழகிய உடம்பு அவளுடையது. சும்மா உட்கார்ந்து கேட்பதும் ஒரு வேலை என்று அதற்கு நம்பிக்கை வரவே நாளாயிற்று. வகுப்பில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடுவார்கள். ஒருவர் பேசவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். இடையில் புத்தி சொல்லக்கூடாது, சமாதானம் சொல்லக்கூடாது, 'எனக்கும் இப்படித்தான்' என்று தன் கதையை எடுத்து விடக்கூடாது. கேட்கும் நாற்காலியில் கல்பனாவை மிஞ்ச ஆளில்லை. பேசும் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குக் கண் செருகும். வாய் திறக்காமல் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஞானசுந்தரி அம்மா ஒரு வகுப்பில் சொன்னார்: "உன் காயம் ஆறாத இடத்தில் அடுத்தவர் காயத்துக்குக் கட்டுப் போடப் போகாதே. உன்னால் கேட்க முடியாதவர் என்று ஒருவர் உனக்கும் இருப்பார். அவரை இன்னொருவரிடம் அனுப்பிவிடு." கல்பனா தலையை ஆட்டினாள். அந்த ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

படிப்பு முடிகிற சமயம் யார் யார் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தது. சபை ஊழியத்துக்குப் போகலாம், ஜெயிலுக்குப் போய்க் கைதிகளைப் பார்க்கலாம், குடியை மறக்கடிக்கிற இல்லத்துக்குப் போகலாம், மேலே படித்துப் பெரிய பட்டம் வாங்கிக்கொண்டு வந்து பாடமே நடத்தலாம். கல்பனாவுக்கு இரண்டு கதவு திறந்தது. ஒன்று டவுன் ஆஸ்பத்திரி. சாகக் கிடக்கிறவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்காருகிற வேலை. பாக்கி முழுவதையும் முன்பணமாகவே கொடுத்துவிடுவார்கள், அதற்கு ஐந்து வருஷம் அங்கேயே இருக்கவேண்டும். மற்றொன்று இந்த மலையிலேயே ஒரு பெண்பிள்ளைகள் விடுதி. ராத்திரி அழுகிற பிள்ளைகள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவிடுகிற பிள்ளைகள், ஓடிய மாதத்திலேயே கல்யாணமாகிவிடுகிற பிள்ளைகள். அவர்களோடு இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருக்கும்.

கல்பனாவும் அப்படி ஒரு விடுதியிலிருந்து ஓடிவந்த பிள்ளைதான். ஓடிவந்த வருஷமே பரியம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் மனசு எந்தக் கதவில் நின்றது என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் போன கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் புளி உலுக்குவதற்குள் பாக்கி தீரவேண்டும். தீராவிட்டால் மணியம்மாளின் புளியமரங்கள் சாந்தம்மாளுக்கு. அந்த மரங்களை விட்டால் மணியம்மாளுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

ஆக, எந்த வேலைக்குப் போவது என்பதைக் கடன் தீர்மானித்துவிட்டது. தை முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குச் சரி என்று சொல்லவேண்டும். அதற்குமுன் கொஞ்சநாள் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள்.

மணியம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா படிப்புன்ன? மேய்ப்பா? மாடு மேய்ச்சிக்கினுதான் இருந்த. அதுக்கு எதுக்குடி கீழ போயி ரெண்டு வருசம்?"

"மனுசங்கள மேய்க்கறதுமா."

"மாடாச்சும் சொன்ன பேச்சு கேக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சின்னக்குழந்தைதான் காரணம். பேர்தான் சின்னக்குழந்தை. ஆள் அறுபதைத் தாண்டியவர், பசுவைத் தொலைத்துவிட்டுத் தேடித் தேடி அலுத்துப் போயிருந்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் கல்பனா எதையோ படித்துவிட்டு வந்திருக்கிறாள், ஜனங்கள் போய் உட்கார்ந்தால் மனசில் உள்ளதைக் கண்டு சொல்வாள் என்று ஜீப்பிலிருந்து இறங்கிய பேச்சு ஊருக்குள் ஓடியிருந்தது. மலையில் அந்த மாதிரி வேலைக்கு ஒரே பேர்தான் உண்டு. குறி. அவர் வெற்றிலை பாக்கு, தேங்காய், முறத்தில் கொஞ்சம் சாமை அரிசியோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு தாயி."

"இன்னா சொல்லணும் மாமா?"

"மாடு எங்க கீதுன்னு சொல்லு."

"எனக்கு எப்டி மாமா தெரியும்? நீங்கதான் சொல்லணும். கடைசியா அத எப்போ பாத்தீங்க?"

சின்னக்குழந்தைக்கு முகம் சுருங்கியது. "நான் சொல்றதா? அப்போ நீ எதுக்கு? அந்தப் பக்கத்து ஊரு பூசாரி ஒண்ணியும் கேக்கமாட்டாரு. கண்ண மூடுவாரு, கெழக்கம்பாரு, முடிஞ்சிது."

"மாடு கெழக்க இருந்துச்சா?"

"அது இல்ல. ஆனா அவரு சொன்னாரு பாரு."

கல்பனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கிழவர் எழுந்து போகவில்லை. வேறு போக்கிடமும் இல்லை. இரண்டு நாற்காலி வகுப்பில் உட்கார்ந்த மாதிரி அவளும் எதிரே கீழே உட்கார்ந்தாள். அவர் மாட்டைப் பற்றி ஆரம்பித்தார், மாட்டுக்காகத் தங்கச்சியோடு போட்ட சண்டைக்குப் போனார், அந்தச் சண்டையில் தங்கச்சி சொன்ன ஒரு சொல்லுக்குப் போனார். அந்தச் சொல் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சட்டென்று நிறுத்தினார்.

"அன்னிக்கி கோவத்துல வந்தேனா, மாட்ட அவ வூட்டு கொட்டாய்லயே உட்டுட்டு வந்துட்டேன்."

போய்ப் பார்த்தால் மாடு அங்கேதான் நின்றது. தங்கச்சியோடு பேச்சும் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சுற்றுப்பட்ட குடிசைகளெல்லாம் ஒரே பேச்சு. கல்பனா குறி பலிக்கிறது. கிறிஸ்தவங்க ஊர்க் குறி, கொஞ்சம் வேற மாதிரி, கேள்வி கேக்கும், ஆனால் பலிக்கிறது.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். இது குறி இல்லை என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சரி தாயி, இல்லன்னே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மணியம்மாளுக்கு இது பிடித்துப் போயிற்று. "தேங்காயோட வர்றாங்க, நீ சும்மா இரு" என்று மகளை அதட்டினாள்.

பனி சரியாக விலகாத ஒரு மத்தியானம். கூரையிலிருந்தும் புளியமரத்திலிருந்தும் பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கல்பனாவுக்குக் கண் சொக்கிற்று. கனவென்றும் சொல்லமுடியாது, நினைப்பென்றும் சொல்லமுடியாது. எப்போதும் வருகிற அதேதான். ஒரு பெண்பிள்ளை பனிக்குள்ளிருந்து நடந்து வருகிறாள். தலை ஈரமாக இருக்கிறது. கிட்டே வரவர முகம் தெரியும் என்று இவள் காத்திருக்கிறாள். முகம் இருக்கவேண்டிய இடத்திலும் பனிதான் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை அவள் பார்த்ததில்லை. பூவரசன் வீட்டில் வலி கண்டு, மயங்கி, தெளிந்து கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை. அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவள் பார்க்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். பார்த்தால் அடுத்தது தங்காது என்பார்கள். மாமியார் சாந்தம்மாள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், நெல்லிமரத்தடியில் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து உலை வைத்தாள். "பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் கல்பனா எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. பூவரசனும் பேசவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாமைக் கதிர் முற்றிய ஒரு விடியற்காலம் கல்பனா எழுந்து நடந்துவிட்டாள்.

"மணியம்மா."

கல்பனா கண்ணைத் திறந்தாள். வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில், பனிக்குள் ஓர் உருவம் நின்றது. பக்கத்தில் வரவில்லை. முக்காட்டை எடுத்ததும் சாந்தம்மாள் என்று தெரிந்தது. நரைத்துப் போயிருந்தாள்.

மணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "புளி உலுக்க இன்னும் நாள் கீதே. அதுக்குள்ள மரத்த அளக்க வந்துட்டியா?"

"கடன் கேக்க வரல. குறி கேக்க வந்தேன்."

"கடன்காரி வூட்டுல வந்து குறியா. நல்லாக்கீது."

"ஊரே வருது. நான் வரக்கூடாதா? இதுக்குன்னு பாக்கியில பத்து ரூவா கழிச்சிக்கலாம்னு பாக்காத. இப்பவே சொல்லிட்டேன்."

அனுப்பிவிடவேண்டிய அந்த ஒருவர் இதோ வந்து நிற்கிறார். யாரிடம் அனுப்புவது? இந்த மலையில் கேட்பதற்கென்று படித்தவள் அவள் ஒருத்திதான்.

"அத்த, எனக்குக் குறி தெரியாது. மெய்யாலும் தெரியாது."

"சின்னக்குழந்தைக்குத் தெரிஞ்சிது, எனக்குத் தெரியாதா?"

"அவராத்தான் சொல்லிக்கினாரு. நான் கேட்டேன், அவ்ளோதான். உங்களுக்கு என்னால அதுகூட முடியாது. வேற யார்னா..."

"நீ ஒண்ணியும் சொல்லவேணாம் போ. ஏறி வந்தது காலு நோவுது. நான் சொல்லிட்டு எறங்கிப் போறேன்."

மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். கல்பனா வாசலில் நின்றாள். நடுவில் பனியும் சொட்டுகிற தண்ணீரும்தான்.

"ஒரு பொண்ணு வருது" என்றாள் சாந்தம்மாள். "கனாவுலதான். பனியில வருது. தலயெல்லாம் ஈரம். வந்து நெல்லிமரத்துகிட்ட நிக்குது. இன்னாவோ கேக்கறதுக்கு வாயத் தொறக்குது. அதுக்குள்ள கோழி கூவிடுது. எழுந்து உக்காந்துடறேன். போன மழைக்குப் புடிச்சி இப்டிதான். நேத்து மத்தியானம் களை புடுங்கிக்கினு இருக்கசொல்லவும் வந்துச்சு. கண்ணு முழிச்சிக்கினுதான் இருந்தேன். அது இன்னா கேக்குது, அதச் சொல்லு. பேயா, சாமியா, எதுன்னா பரவால்ல."

கல்பனா வாசலைக் கடந்தாள். எப்போது நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் அவளுக்குத் தெரியும். அந்தக் கனவு வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்றும் கேட்காமல் இருக்கலாம், அதுதான் இன்னும் நல்லது. இரண்டு வருஷம் படித்த படிப்பு தூங்குமூஞ்சி இலை மாதிரி மூடிக்கொண்டது. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"அத்த, உங்க கனாவுல அதுக்கு மூஞ்சி இருக்குதா?"

சாந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். "மூஞ்சி இல்லாம?"

"எனக்கு வர்றதுல இல்ல."

எங்கோ ஒரு காட்டுக்கோழி கத்தி ஓய்ந்தது. மணியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"உனக்கும் வருதா" என்றாள் சாந்தம்மாள்.

"எப்டி இருந்துச்சு அத்த? சொல்லுங்க. நான் வேற ஒண்ணியும் கேக்கல."

சாந்தம்மாள் முந்தானையைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பேசத் தொடங்கியபோது குரல் யாரிடமோ கடன் வாங்கி வந்தது போல இருந்தது.

"முடி. எம்மா, அம்மாம் முடி. பொறந்ததுக்கு அத்தினி முடிய நான் பாத்ததில்ல. ஈரமா நெத்தியில ஒட்டிக்கினு இருந்துச்சு. நெத்தி பூவரசனோடது, அகலம். மோவாய் உன்னுது. இங்க குழி இருக்குது பாரு, அதே குழி. காது மட்டும் சின்னதா மடிஞ்சிக்கினு, இப்பதான் மொளைச்ச எலை மாதிரி. கண்ண மூடிக்கினு இருந்துச்சு. தூங்கற மாதிரிதான். நான் ஒருவாட்டி தட்டி எழுப்பிப் பாத்தேன்."

நிறுத்தினாள். தன் கையை மூடிக் காட்டினாள்.

"ஒரு கை மூடிக்கினு இருந்துச்சு. வெரல் தொறந்து ரெண்டு அரிசி வைக்கலாம்னு பாத்தேன். தொறக்கல. உள்ள இன்னாவோ வச்சிக்கினு குடுக்கமாட்டேன்னு சொல்ற மாதிரி. சரி, உன் இஷ்டம் போன்னு அப்டியே வச்சிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பெத்தவ பாக்கக்கூடாதுன்னாங்க. நான் பாக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. பூவரசனும் பாக்கமாட்டேன்னு போய்ட்டான். பாத்தது நான் ஒருத்திதான். யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா நீ மறக்கமாட்டியேன்னு சொல்லல. நீ போய்ட்ட. அப்புறம் நான் மட்டுந்தான் வச்சிக்கினு கீறேன்."

கல்பனா அழுதாள். கேட்கும் நாற்காலியில் அழக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படிச் சொல்லியிருந்தாலும் அப்போது ஞாபகம் வந்திருக்காது. ஒன்பது வருஷத்துப் பனி முகத்தை விட்டு மெதுவாக விலகுவது போல இருந்தது. முதலில் ஈர முடி தெரிந்தது. பிறகு அகலமான நெற்றி. மடிந்த காது. தன் மோவாயை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குழி அங்கேயே இருந்தது.

சாந்தம்மாள் அவள் முதுகில் கை வைக்கவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். "இப்போ ரெண்டு பேர் பாத்துட்டோம்" என்றாள்.

பிறகு, "அது இன்னாதான் கேக்குது?" என்றாள் மறுபடி.

"பேரு கேக்குதோ இன்னாவோ அத்த."

"வைக்கலியே."

"நான் வச்சிருந்தேன். வயித்துல இருக்கசொல்லவே. பூஜான்னு."

சாந்தம்மாள் முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி பேரு அது. டவுனு பேரு."

"அப்போ நீங்களே ஒண்ணு வையுங்க."

"இருக்கட்டும் இருக்கட்டும். பெத்தவ வச்சது." உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை நெல்லிமரம் இருக்கிற திசையைப் பார்த்து, வீட்டுப் பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துச் சொன்னாள். அந்தப் பேர் பனிக்குள் போய்க் கரைந்தது. பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, இருமினாள்.

யாராவது இருமினால் மணியம்மாளின் கை தானாகப் பானைக்குப் போகும். அப்படித்தான் போயிற்று. சொம்பில் மொண்டு, வாசலைத் தாண்டி, பாதி வழி வந்தவள் சட்டென்று நின்றாள். சொம்பைப் பார்த்தாள், சாந்தம்மாளைப் பார்த்தாள். திரும்பிப் போகவும் முடியவில்லை.

"குடு" என்றாள் சாந்தம்மாள்.

"பாக்கி கீது."

"எனக்குத் தெரியாதா? குடுடி, தொண்ட காயுது."

அண்ணாந்து குடித்தாள். பாதி சொம்பு உள்ளே போயிற்று, கழுத்து வழியாகக் கொஞ்சம் ரவிக்கைக்குப் போயிற்று. மணியம்மாள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சாந்தம்மாள் சொம்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, "யார்னா போய் கவுண்டரக் கூட்டிக்கினு வாங்க" என்றாள்.

மணியம்மாளே ஓடினாள்.

காத்திருந்த நேரத்தில் சாந்தம்மாள் புளியமரங்களை அண்ணாந்து பார்த்தாள். இந்த வருஷம் காய் நன்றாகத்தான் பிடித்திருந்தது.

"அந்தப் பணத்துல தகர ஷீட்டு போடலாம்னு இருந்தேன். மழைக்கு நாலு பக்கமும் ஒழுவுது வூடு."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்த சொன்னா பணம் வந்துடும் அத்த. நான் கட்டிடறேன்."

"அப்புறம் நீ?"

"அஞ்சு வருசம் அங்கயே."

"உனக்கு அதுதான் இஷ்டமா?"

கல்பனா கீழே உதிர்ந்து கிடந்த புளிய இலையை எடுத்துக் கிள்ளினாள். சாந்தம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கேட்பதற்கென்று படிக்காதவள்தான்.

"இல்ல" என்றாள் கல்பனா கடைசியில். "இங்கயே மேல ஒரு பொண்ணுங்க ஆஸ்டல் கீது. அதுங்களோட இருக்கணும்னு ஆச. சம்பளம் ஒண்ணும் பெரிசா இல்ல."

"அந்தப் புள்ளைங்களும் ராத்திரில அழுவுமா?"

"அழுவும்."

"அப்போ அங்க போ." கொஞ்சம் பொறுத்து, "பூவரசனும் குடகு எஸ்டேட்டுல ஒருத்தியப் பாத்து வச்சிக்கினு கீறான். துரும்பு முறிஞ்சாதான் கூட்டிக்கினு வரமுடியும். நான் ஒண்ணும் அம்மாம் நல்லவ இல்ல, தெரிஞ்சிக்க" என்றாள்.

கோபால்சாமிக் கவுண்டர் குடையோடு வந்தார். மழை இல்லை. பனிக்கும் குடை பிடிக்கிற ஆள் அவர். தூக்கத்தில் எழுப்பிவிட்டார்கள் என்ற கோபம் முகத்தில் இருந்தது. கல்லின்மேல் இருந்த சொம்பைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"யாரு குடிச்சது?"

"நான்தான்."

"அப்போ பணம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எவ்ளோ?"

"பூரா."

கவுண்டர் மணியம்மாளைப் பார்த்தார். அவள் இடுப்புச் சுருக்குப்பை தட்டையாகத் தொங்கியது. கல்பனாவைப் பார்த்தார். அவள் கண் வீங்கியிருந்தது. "எப்போ குடுத்தாங்க? நான் இல்லாம எப்டி எண்ணினீங்க?"

"எண்ணிப் பாத்துட்டேன் கவுண்டரே. கொறையல. நீங்க துரும்ப எடுங்க."

அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பணம் வாங்கவேண்டியவளே வந்துவிட்டது என்று சொன்னபிறகு, அவர் எங்கே போய்க் கேட்பது? கூரை ஓரத்திலிருந்து ஒரு சாமைத் தாளை உருவினார். இந்த வருஷத்துத் தாள், நுனியில் பனித்தண்ணீர் தொங்கியது. ஒரு முனையை மகனுக்குப் பதிலாகச் சாந்தம்மாள் பிடித்தாள், மறுமுனையைக் கல்பனா பிடித்தாள்.

"சொல்றத நல்லா கேட்டுக்கோங்க. இது முறிஞ்சா நீ அத்த இல்ல. இவ மருமவ இல்ல. கொடுக்கல் வாங்கல் இல்ல. நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பற வழக்கம் இல்ல."

"பூஜாவுக்கு நான் ஆயா, அப்பனப் பெத்தவ" என்றாள் சாந்தம்மாள். "அது முறியாது. அதயும் சேத்து சொல்லுங்க."

"எந்த பூஜா?"

சாந்தம்மாள் நெல்லிமரம் இருக்கிற திசையைப் பார்த்தாள். கவுண்டர் குடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சரி, அதும் சேத்துதான்" என்றார்.

இரண்டு பேரும் இழுத்தார்கள். துரும்பு சத்தமில்லாமல் முறிந்தது. சாந்தம்மாள் தன் பாதியைக் கீழே போட்டுவிட்டு, சொம்பில் மீதி இருந்த தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டு, பனிக்குள் இறங்கி நடந்தாள்.